குழந்தைச் சத்தம் கேட்கும் தெரு

ஆடிட்டர் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே பணக்காரராகிவிடுவார். அதற்காக அவர் பெரிதாக ஒன்றும் உழைப்பதில்லை. படுக்கையில் சாய்ந்தபடியே போனை எடுத்து, வீட்டு விலை சொல்லும் தளத்தைத் திறந்து, தன் தெருவைத் தட்டுவார். திரையில் ஒரு எண் வரும். நேற்றைவிட இன்று கொஞ்சம் ஏறியிருந்தால் காபிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. அசையாமல் நின்றிருந்தால், சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களே என்ற ஞாபகம் வந்துவிடும்.

"பல்லைத் தேய்ச்சுட்டு அதை நோண்டக்கூடாதா?" என்பார் அவர் மனைவி. மனைவி பல் டாக்டர். ஊருக்கெல்லாம் சொல்லிக் கேட்கிற வாய், வீட்டில் மட்டும் எடுபடவில்லை.

அவர்கள் குடியிருந்த புறநகர் லேசுப்பட்டதல்ல. நகரத்துப் புகை எட்டாத மேடு. அகலமான தெருக்கள், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வெட்டிய செடிவேலி, வீட்டுக்கு வீடு இரண்டு கார். நுழைகிற இடத்தில் 'குடும்பங்கள் வாழ ஏற்ற இடம்' என்று ஒரு பலகை. பலகை நட்ட காலத்தில் அது உண்மைதான். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குழந்தைகளோடு எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து குடியேறினார்கள். மேட்டின் உச்சியில் இருந்த பள்ளிக்கூடத்துக்காகத்தான் வந்தார்கள். பள்ளிக்கூடமும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள், ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தது வீடும் பெற்றோரும். இன்றைய தேதியில் அந்தத் தெருவில் ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொண்டால் படுக்கையறை ஐந்து, ஆள் இரண்டு, முழங்கால் நான்கு, அதில் வலிக்காதது ஒன்று.

விலைக்கு மட்டும் முழங்கால் வலி கிடையாது. ஏறிக்கொண்டே போயிற்று. ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், குடும்பங்கள் வாழ்கிற இடமாயிற்றே என்பார்கள். சரி, குடும்பங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், இந்த விலைக்கு எந்தக் குடும்பம் வரும் என்பார்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. இரண்டு பதிலையும் ஒரே பெருமையோடு சொன்னார்கள்.

சாயங்காலம் ஆடிட்டர் நடக்கப் போவார். பக்கத்து வீட்டுப் பைலட்டும் எதிர்வீட்டு வக்கீலம்மாவும் சேர்ந்துகொள்வார்கள். மூவரும் ஓய்வு பெற்றவர்கள். பைலட் இன்னும் யாரைப் பார்த்தாலும் உயரத்திலிருந்துதான் பேசுவார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"ஏறியிருக்கு. லேசா."

"நல்லவேளை. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல."

வழிப்போக்கர்கள் யார் காதிலாவது இது விழுந்தால், பாவம், இவர்கள் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள்.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஆடிட்டர்தான் தலைவர். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: தளத்தில் காட்டுகிற எண்ணுக்குக் கீழே யாரும் வீட்டை விற்கக் கூடாது. ஒருவர் இறங்கினால் தெருவே இறங்கிவிடும். இந்தச் சட்டம் ஒரு தடவைகூட மீறப்படவில்லை. ஏனென்றால் யாரும் விற்கவே இல்லை. விற்காதவரைக்கும் எல்லோரும் கோடீஸ்வரர்கள்.

இப்படிக் குறையில்லாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், ஒரு காலையில் டாக்டரம்மா அடுப்படி மேஜையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "ஏங்க, ஒண்ணாம் தேதி நான் அந்த ஃபிளாட்டுக்குப் போறேன்."

ஆடிட்டர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரிம்மா, போயிட்டு வா."

"போயிட்டு வர்றதுக்கு இல்ல. போறேன்."

அப்போதுதான் ஆடிட்டர் நிமிர்ந்தார். "எந்த ஃபிளாட்?"

"ஸ்டேஷனுக்கு எதிர்ல. கீழ பேக்கரி. விடிஞ்சா ரொட்டி வாசனை. லிஃப்ட் இருக்கு. வாசல்ல நாலு பேர் நடமாடுறாங்க. வாடகைக்குப் பேசி முடிச்சுட்டேன்."

"இந்த வீடு?"

"இதை நீங்க நாலு வருஷமா வித்துக்கிட்டே இருக்கீங்க. பாக்க வர்றவங்க விலையைக் கேட்டுட்டுத் தண்ணி குடிச்சுட்டுப் போறாங்க. கிளினிக்ல நாள் பூரா நின்னுட்டு வர்றேன். வந்தா மாடிப்படி. மேல போனா கண்ணாடியைக் கீழ வெச்சுட்டு வந்திருப்பேன். மறுபடி மாடிப்படி. போதும்."

"இப்ப விலை ஏறிக்கிட்டிருக்கிற நேரம்மா..."

"அது எப்பவும் ஏறிக்கிட்டுதான் இருக்கு. அதுக்கு முட்டி வலிக்கல."

"அப்ப நான்?"

"வர்றதா இருந்தா வாங்க. இல்லன்னா இருங்க. அஞ்சு ரூமும் உங்களுக்கே. ஆனா வீட்டையும் வெச்சுக்கிட்டு அங்கயும் வாடகை கட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் ஓட என்னால ஆகாது. வித்துட்டு வாங்க. அதுதான் கண்டிஷன்."

இது மிரட்டல் என்று ஆடிட்டர் நினைத்திருந்தால் தேவலை. ஆனால் மனைவி மிரட்டுகிற ரகமில்லை என்பது அவருக்குத் தெரியும். கிளினிக்கில் அவர் "லேசா அழுத்தற மாதிரி இருக்கும்" என்பார். எப்போது டாக்டர் என்று நோயாளி கேட்பதற்குள் பல் தட்டில் கிடக்கும்.

அன்றைக்கு ஆடிட்டர் காபிக்குச் சர்க்கரை போடவே மறந்துவிட்டார். ஒண்ணாம் தேதிக்குப் பிறகு வீட்டில் தானும் அந்த எண்ணும்தான் இருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். எண் நல்ல எண்தான். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்காது.

அவசரமாக புரோக்கர் வரவழைக்கப்பட்டான். பளபளவென்று ஷூ போட்ட இளைஞன். தெருவில் எல்லோருக்கும் அவன் 'தம்பி'.

"ஒரு குடும்பம் இருக்கு சார். அம்மா கட்டட இன்ஜினியர், அப்பா பெரிய ஹோட்டல்ல தலைமைச் சமையல்காரர். மூணு பசங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றாங்க. ஆனா ஒரு விஷயம் சார்."

"விலையைக் குறைக்கிற பேச்சே வேண்டாம்."

"விலை அப்புறம் சார். வர்றவங்க எல்லாம் முதல்ல கேக்கறது ஒண்ணைத்தான். 'தெருவுல பசங்க இருக்காங்களா?' போன தடவை வந்தவர் வாசல்ல நின்னு காது குடுத்துக் கேட்டாரு. பைலட் சார் இருமினது மட்டும்தான் கேட்டுச்சு. இது முதியோர் இல்லமான்னு என்னையே கேட்டுட்டாரு."

விஷயம் சங்கத்துக்குப் போனது. வக்கீலம்மா வீட்டு வரவேற்பறையில் அவசரக் கூட்டம். பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்புக்குப் பிள்ளைகள் சேரவில்லை, இந்த வருஷமும் சேராவிட்டால் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்று ஏற்கெனவே பேச்சு. ஒண்ணாம் வகுப்பை மூடினால் அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போனால் விலை போயிற்று. ஆகவே தெருவுக்குக் குழந்தைகள் தேவை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. விலை குறையாமல் குழந்தைகள் மட்டும் தேவை.

"பேரன் பேத்திகளை வரவழைச்சா என்ன?" என்றார் வக்கீலம்மா.

"போன தடவை வரவழைச்சோமே" என்றார் பைலட் கசப்போடு. "என் பேரனைத் தோட்டத்துல கொண்டுபோய் விட்டேன். விளையாடுடான்னு சொன்னேன். சார்ஜர் எங்கன்னு கேட்டான்."

தம்பிதான் வழி சொன்னான். "எங்க அக்காவுக்கு மூணு பசங்க சார். சைக்கிளோட வரச் சொல்றேன். வாயைத் திறந்தா ரெண்டு தெருவுக்குக் கேக்கும். ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா போதும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஐஸ்கிரீம் செலவைச் சங்கமே ஏற்பது என்றும் முடிவாயிற்று.

சனிக்கிழமை வந்தது. மூன்றரை மணிக்கே ஆடிட்டர் வாசலில் நின்றார். பைலட் தன் வீட்டு கேட்டில். வக்கீலம்மா செடிவேலிக்குப் பின்னால், கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு எதையும் வெட்டாமல். தெரு, கூட்டிப் பெருக்கிய கல்யாண மண்டபம் போலக் காலியாகக் கிடந்தது.

சொன்னால் சொன்னபடி தெருமுனையில் மூன்று சைக்கிள்கள் திரும்பின. முன்னால் பத்து வயதுப் பெண் ஒருத்தி. பின்னால் அச்சில் வார்த்தது போல் இரண்டு பொடியன்கள், ஆறு வயது இருக்கும்.

"வந்துட்டாங்க!" என்று பைலட் கையை வீசி, விமானத்தை நிறுத்துகிற மாதிரி மூவரையும் நிறுத்தினார். "ஏன் இவ்வளவு அமைதியா வர்றீங்க? சத்தம் எங்க?"

பொடியன்கள் அக்காவைப் பார்த்தார்கள். "எவ்வளவு சத்தம் வேணும்?" என்றான் ஒருவன்.

"டேக்-ஆஃப் மாதிரி."

அவன் கத்தினான். மரத்திலிருந்த பறவைகள் கிளம்பின. இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். பைலட்டின் முகம் பூரித்துப்போயிற்று. "அப்படிப் போடு! நாலு மணி ஆனதும் இதே மாதிரி."

வக்கீலம்மா வேலியை விலக்கிக்கொண்டு வந்தார். "கவனமா கேளுங்க செல்லங்களா. பொய்னு எதுவும் சொல்ல வேண்டாம். இங்கதான் இருக்கீங்களான்னு யாராவது கேட்டா, ஆமா, இந்தத் தெருவுலதான் இருக்கோம்னு சொல்லுங்க. இப்ப எங்க நிக்கிறீங்க? இந்தத் தெருவுலதானே? கோர்ட்ல கேட்டாலும் நிக்கும்."

"பொய் சொல்றதுக்குத் தனியா ஐஸ்கிரீம் உண்டா?" என்றான் இரண்டாவது பொடியன்.

"அது பொய் இல்லன்னுதானே சொல்றேன்!"

"அப்ப உண்மைக்கு?"

"சரி, ஆளுக்கு ரெண்டு" என்றார் ஆடிட்டர். வேலை நடக்கிற நேரத்தில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. சங்கத்துப் பணமும்கூட.

பெண் மட்டும் சைக்கிளைச் சாய்த்து நின்றபடி எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "யாரு தாத்தா கேப்பாங்க?"

"தாத்தாவா? அங்கிள்னு சொல்லு. என் வீட்டைப் பாக்க ஒரு குடும்பம் வருது. அந்தம்மா இன்ஜினியர். அவர் சமையல்காரர்."

பெண்ணின் புருவம் லேசாக ஏறியது. "ஓ. எப்படிப்பட்டவங்க?"

"யாருக்குத் தெரியும்? இந்த விலைக்குப் பாக்க வர்றாங்கன்னா கொஞ்சம் விவரம் பத்தாதவங்களாத்தான் இருக்கணும்."

"ம்ம். நிஜமாவே இந்தத் தெருவுல பசங்க யாருமே இல்லையா?"

"ஒரு பொடிசு கிடையாது. அதுக்குத்தானே உங்களைப் பிடிச்சுட்டு வந்திருக்கோம்."

"ஸ்கூல் நல்லா இருக்குமா?"

"அது நல்ல ஸ்கூல்தான். ஒண்ணாம் வகுப்புக்குத்தான் ஆளில்ல. மூடிடுவாங்கன்னு பேச்சு. அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது, என்ன?"

ஆடிட்டரை இவ்வளவு ஆர்வமாக யாரும் கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. சொந்தப் பிள்ளைகள் போனில் கேட்பதெல்லாம் "அம்மா இருக்காங்களா?" என்பது மட்டும்தான். ஆயுள் முழுக்க யாரிடமும் கணக்கை வெளிவிடாமல் வாயைக் கட்டிக் காத்த மனிதருக்கு அன்றைக்கு வாய் அவிழ்ந்துகொண்டது.

"விலையை நீங்க குறைக்கவே மாட்டீங்களா, அங்கிள்?"

"வெளியில அப்படித்தான் சொல்றது. உள்ளுக்குள்ள விஷயம் வேற. என் வீட்டுக்காரம்மா ஒண்ணாம் தேதி கிளம்பிடுவா. அதுக்குள்ள வித்தாகணும். நான் கேக்கறதுல முக்கால்வாசி வந்தாலே அவ கேக் வெட்டிக் கொண்டாடுவா."

"நீங்க?"

"நான் என்ன, ரெண்டு நாள் சாப்பிட மாட்டேன். அவ்வளவுதான்."

பெண் தலையை ஆட்டினாள். மேற்கொண்டு ஏதோ கேட்கப் போகிறாள் என்று ஆடிட்டர் ஆசையாகக் காத்திருந்தபோது, தம்பி தெருமுனையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தான். ஷூவில் புழுதி.

"சார், மன்னிச்சுக்குங்க சார். அக்கா பசங்க மூணு பேருக்கும் காய்ச்சல். வர மாட்டாங்க."

"வர மாட்டாங்களா? இதோ நிக்கிறாங்களே!"

தம்பி பார்த்தான். "இவங்க யாரு சார்?"

ஆடிட்டர் பதில் யோசிப்பதற்குள் ஒரு பழைய கார் வந்து நின்றது. அதிலிருந்து கையில் டார்ச் லைட்டோடு ஒரு பெண்மணியும், தொப்பை வைத்த சிரித்த முகக்காரர் ஒருவரும் இறங்கினார்கள்.

"அதுக்குள்ள சிநேகம் பிடிச்சாச்சா?" என்றார் சிரித்த முகக்காரர்.

ஒரு பொடியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்: "அப்பா! நாங்க இந்தத் தெருவுலதான் இருக்கோம்!" பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினான். "நல்லா சொன்னேனா தாத்தா?"

பைலட் சட்டென்று கேட் கொண்டியில் ஏதோ பழுது கண்டுபிடித்தார். வக்கீலம்மா வேலிக்குப் பின்னால் மறைந்தார். கத்தரி மட்டும் தெரிந்தது. ஆடிட்டருக்கு மறைய இடமில்லை. விற்பனைக்கு இருந்த வீடு அவருடையது.

"எங்க பழக்கம் சார்" என்றார் இன்ஜினியரம்மா, கைகுலுக்கியபடி. "வீட்டை நாங்க பாப்போம். தெருவைப் பசங்க பாத்துட்டு வந்து சொல்லுவாங்க. சைக்கிளோட முனையில இறக்கி விட்டுட்டு, நாங்க மேல போய் ஸ்கூலைப் பாத்துட்டு வர்றோம்."

மகள் அம்மாவின் காதருகே போனாள். பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை அம்மாவின் பார்வை ஆடிட்டர் மேல் வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

"அப்படியா" என்றார் இன்ஜினியரம்மா கடைசியில், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "வீட்டைப் பாக்கலாமா சார்? எங்களுக்குக் கொஞ்சம் விவரம் பத்தாது. நீங்கதான் விளக்கமா சொல்லணும்."

ஆடிட்டர் அசடு வழிந்தபடி மாடிக்கு அழைத்துப் போனார். அந்தம்மா சுவரைத் தட்டினார், ஈரம் பார்த்தார், டார்ச்சை அடித்துக் கூரையின் மூலைகளைத் துழாவினார். கேள்வி கேட்டது மகள்தான்.

முதல் அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். "இது என்ன?"

"டிவி வந்த பெட்டி. ஃபிரிட்ஜ் வந்த பெட்டி. வாரண்டிக்குத் தேவைப்படும்னு வெச்சிருக்கோம்."

"டிவி எங்க?"

"அது பழுதாகித் தூக்கிப்போட்டு நாளாச்சு."

இரண்டாவது அறையில் உடற்பயிற்சி சைக்கிள் நின்றது. அதன் மேல் பேன்ட்டுகள் உலர்ந்தன. மூன்றாவது, மகனுடைய அறை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

"அண்ணா எப்ப வருவாங்க?"

"வந்தா ஹோட்டல்ல தங்குவான். இங்க இன்டர்நெட் மெதுவா வருதாம்."

நான்காவது அறையைத் திறந்தபோது ஆடிட்டரே கொஞ்சம் திகைத்தார். கடைசியாக எப்போது திறந்தோம் என்று ஞாபகமில்லை. அறை காலி. நடுவில் ஒரு நாற்காலி மட்டும், சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுல யாரு உக்காருவாங்க?" என்றாள் பெண்.

எந்தக் கேள்விக்கும் தயாராகப் பதில் வைத்திருப்பவர் ஆடிட்டர். இதற்கும் வாயைத் திறந்தார். ஒண்ணாம் தேதி சாயங்காலம் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்று அவருக்கு அப்போது பளிச்சென்று தெரிந்தது. கதவைச் சாத்தினார்.

"கீழ போகலாம்" என்றார்.

கீழே சமையல்காரர் அடுப்பின் நாலு பர்னரையும் எரியவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தீயின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஒரு ரூம்லதான் சார் ஆள் இருக்கிற தடமே தெரியுது" என்றார் கள்ளமில்லாமல். டாக்டரம்மா மேஜையருகே ஒரு காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். யாரையும் அவர் விசாரிக்கவில்லை. தன் பாட்டுக்கு வேலை செய்தார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இன்ஜினியரம்மா டார்ச்சை அணைத்தார்.

"வீடு உறுதியா இருக்கு. மாடி பாத்ரூம்ல ஒரு கசிவு, அதை நானே பாத்துக்கறேன். விலைக்கு வரேன் சார். முக்கால்வாசின்னு பொண்ணு சொன்னா."

ஆடிட்டர் இருமினார்.

"எங்ககிட்ட அந்த முக்கால்வாசிக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு. இருக்கிற ஃபிளாட்டை வித்து, கடன் வாங்கி, எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு காசு எங்களால புரட்ட முடியாது. பேரம் பேசறதுக்காகச் சொல்லல."

"பசங்களே இல்லாத தெருன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா வர்றீங்க?" ஆடிட்டருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சைக்கிளுக்குத் தெரு முழுக்க எங்களுதுதானே" என்றாள் மகள்.

"ஒண்ணாம் வகுப்புக்கு ரெண்டு பேர் கையோட இருக்காங்க" என்றார் அம்மா. "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டச் சொன்னேன். அந்தம்மா என்னை வெளிய விடவே இல்ல. இவங்க சேர்ந்தா வகுப்பு நடக்குமாம்."

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. பைலட்டும் வக்கீலம்மாவும். கொல்லைப்புறத்தில் ஒட்டுக் கேட்டதற்கு அடையாளமாக இருவர் மேலும் இலை ஒட்டியிருந்தது.

"தலைவரே, குடுத்துடாதீங்க!" என்றார் பைலட். "நீங்க இறங்கினா எல்லார் வீடும் இறங்கிடும்! என் வீடு என்ன ஆகறது? நாளைக்குக் காலையில நான் எந்த முகத்தோட போனைத் திறப்பேன்?"

"நீங்களே போட்ட சட்டம்" என்றார் வக்கீலம்மா. "நீங்களே மீறலாமா?"

"ரெண்டு பிள்ளைங்க வந்தா ஸ்கூல் தப்பிக்குதேம்மா" என்றான் தம்பி மெல்ல. "ஸ்கூல் தப்பிச்சா..."

"நீ சும்மா இருப்பா! காய்ச்சல் வந்த பசங்களை ஏற்பாடு பண்ணவன்தானே நீ!" என்று பாய்ந்தார் பைலட்.

ஆடிட்டர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினார். ஒரு பக்கம் அந்த எண். எத்தனை வருஷம் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்திருக்கிறார். அதில் கால்வாசிக்கு மேல் இப்போதே, இந்த மேஜையிலேயே, கண்ணெதிரே கரையப் போகிறது. மாட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். குடும்பம் எழுந்து போய்விடும், தெரு கைதட்டும், நாளைக் காலை எண் அப்படியே இருக்கும்.

டாக்டரம்மா மேஜையில் மிச்சமிருந்த இரண்டு காபிக் கப்புகளில் தன்னுடையதை எடுத்துச் சுற்றினார். பெட்டியில் வைத்தார். அடுத்ததைக் கையில் எடுத்தார். அது ஆடிட்டருடையது. கைப்பிடி லேசாக உடைந்து ஒட்டவைத்தது.

"ஏங்க" என்றார், தக்காளி வாங்கவா வெங்காயம் வாங்கவா என்று கேட்கிற குரலில். "இதைச் சுத்தவா, இங்கயே வைக்கவா?"

பைலட்டுக்குக் கேள்வி புரியவில்லை. கப்புக்கு இப்போது என்ன அவசரம் என்பது போலப் பார்த்தார். ஆடிட்டருக்குப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி கேட்ட கேள்விகளிலேயே இதுதான் பெரியது என்றும் புரிந்தது.

லேசாக அழுத்துகிற மாதிரி இருந்தது.

"சுத்து" என்றார்.

செய்தித்தாள் சரசரத்தது. இன்ஜினியரம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். சமையல்காரர் மறுபடியும் ஒருதரம் நாலு பர்னரையும் பற்றவைத்தார், இந்தத் தடவை உரிமையோடு. பொடியன்கள் டேக்-ஆஃப் சத்தத்தோடு வாசலுக்குப் பறந்தார்கள்.

"போச்சு! தெருவே போச்சு!" என்று பைலட் தலையில் கை வைத்தார். "வக்கீலம்மா, நீங்களாவது ஏதாவது சொல்லுங்க. சட்டப்படி இதை நிறுத்த முடியாதா?"

வக்கீலம்மா தோளில் இருந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு யோசித்தார். "சட்டப்படி பாத்தா..."

"ம், சொல்லுங்க!"

"ஒண்ணும் பண்ண முடியாது."

பைலட் தம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது கதவை ஓங்கிச் சாத்தினார். உறுதியான கதவு என்று இன்ஜினியரம்மா பாராட்டினார். மீதி விவரங்களைத் திங்கட்கிழமை பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, குடும்பம் தோட்டத்தை அளக்கப் போயிற்று. வக்கீலம்மா, பொடியன்களுக்கு வாக்குக் கொடுத்த ஐஸ்கிரீமை வாங்கித் தரவேண்டியது சட்டப்படி கடமை என்று முணுமுணுத்துக்கொண்டே பர்ஸை எடுக்க வீட்டுக்கு நடந்தார்.

அடுப்படியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். ஆடிட்டர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். இத்தனை பெரிய தொகை கைநழுவினால் நெஞ்சை அடைக்கும் என்று எதிர்பார்த்தார். நெஞ்சு அடைக்கவில்லை. பசித்தது.

"அங்க ரூம் எத்தனை?" என்றார்.

"ரெண்டு."

"ஒண்ணு போதாதா நமக்கு?"

"நீங்க விடற குறட்டைக்கு ரெண்டே கம்மி."

ஜன்னலுக்கு வெளியே பைலட், தம்பியைத் தன் கேட்டில் சாய்த்து வைத்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தெருவின் மானம், சங்கத்தின் சட்டம், உயிருள்ளவரை ஓர் அங்குலம்கூட இறங்க மாட்டேன் என்பதெல்லாம் காற்றில் துண்டு துண்டாக வந்தது. சுற்றிச் சுற்றி வந்த இரண்டு சைக்கிள்கள் மீதியை அமுக்கிவிட்டன.

"ரொம்ப உடைஞ்சு போயிட்டாரு" என்றார் ஆடிட்டர். "போய் சமாதானம் சொல்லட்டுமா?"

"அவர் வீட்டம்மா நேத்து என் கூட வந்தாங்க. நம்ம பில்டிங்லயே மூணாவது மாடி. பிடிச்சுப்போய் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க."

ஆடிட்டர் வாயைப் பிளந்தார். "அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலையாம்."

ஆடிட்டர் ஜன்னலைப் பார்த்தார். பைலட் வலது கையை உயர்த்தி, வானத்தைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம்" என்றார் ஆடிட்டர், மனதார. "நாம சொல்லிடலாமா?"

"வேண்டாம். அவங்க வாயால கேட்டாத்தான் நல்லா இருக்கும். நீங்க அந்தத் தட்டை எடுங்க."